ஸ்விட்சுப் பக்கம் நின்றவள்

மார்ச் 3, திங்கள்

தொப்பிக்காரர் மரப்பெட்டியில் ஒரு சூப்பர்சார்ஜர் கொண்டுவந்தார். பந்தயக் கார் ஓட்டுகிறவர். தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அதற்குள் முடி இருக்கிறதா இல்லையா என்பது எங்கள் பட்டறையில் இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. கார் முன்னைப் போல இழுக்கவில்லையாம். "மேடு ஏறுற கெழவன் மாதிரி மூச்சு வாங்குதும்மா" என்றார்.

பெட்டியைத் திறக்க ஆணி பிடுங்கும் கம்பி எங்கே என்று அண்ணன் கத்தினான். "உன் கையிலதான் இருக்கு" என்றேன். தொப்பிக்காரர் சிரித்துவிட்டார்.

அவர் போனதும் அதே கம்பியால் என் முழங்காலுக்குக் கீழே ஒரு போடு. "ஆளுங்க முன்னாடி வாய் நீளுது உனக்கு." அவ்வளவுதான். உடனே வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அடிப்பது அவனுக்குத் தும்மல் மாதிரி. வந்துவிட்டுப் போய்விடும்; மூக்கைத் துடைப்பது மட்டும் அடுத்தவர் வேலை.

கால் வீங்கியிருக்கிறது. எலும்பு முறியவில்லை, நடக்க முடிகிறது.

மார்ச் 4, செவ்வாய்

பிரித்தோம். முன்மூக்கு, பெல்ட் ஓடும் புல்லி, பிறகு பேரிங் தட்டு. சூப்பர்சார்ஜர் என்பது பெரிய விஷயமில்லை. ஒரு இரும்புக் கூடு, அதற்குள் ஒன்றோடொன்று பின்னிச் சுற்றும் இரண்டு முறுக்கு உருளைகள். ரோட்டர் என்போம். காற்றை வாரி என்ஜினின் வாயில் திணிப்பதுதான் அதன் வேலை. இரண்டு ரோட்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் மயிரிழை இடைவெளியில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் இரண்டும் காலி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தொடாமல் சுற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பேரிங் தட்டு இறுகிக்கொண்டு வர மறுத்தது. லேசாகச் சூடு காட்டி, புல்லர் மாட்டி இழுக்க வேண்டும் என்றேன். "எனக்குப் பாடம் எடுக்கறியா?" சுத்தியலை எடுத்துவிட்டான். நான்கு அடி. நான்காவது அடியில் உள்ளே ஏதோ உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? கால் வலித்தது, அதனால்தான்.

மார்ச் 6, வியாழன்

அண்ணி சாப்பாடு கொண்டுவந்தாள். "கை கழுவிட்டு வாங்க, ஆறிடும்" என்றாள் அண்ணனிடம். தட்டைப் பார்த்தான், முகர்ந்தான், தட்டோடு சுவரில் அடித்தான். உப்பு அதிகம். சாப்பிடாமலே எப்படித் தெரிந்தது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை.

அண்ணி குனிந்து பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். சிரிக்கும்போது அண்ணி வாயைக் கையால் மூடிக்கொள்வாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. கதவில் இடித்துக்கொண்டாளாம், கல்யாணமான வருஷம். எங்கள் வீட்டுக் கதவுகளுக்குக் கை உண்டு.

என்னைக் கட்டிக்கொண்டவன் ஒருநாளும் அடித்ததில்லை. இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். கூடப் பிறந்தவன் விடவும் மாட்டேன் என்கிறான், அடிக்காமல் இருக்கவும் மாட்டேன் என்கிறான். எது மேல்? பதில் தெரிந்தால் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

புது பேரிங், புது சீல். மாட்டியாயிற்று.

மார்ச் 10, திங்கள்

காற்றுச் சோதனை. எப்படிச் செய்கிறோம் என்பதை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

சோதனை மேடையில் சூப்பர்சார்ஜரை போல்ட் போட்டு இறுக்கி, மோட்டாரிலிருந்து புல்லிக்கு பெல்ட் மாட்டுவோம். வெளியே வரும் காற்று ஒரு பெரிய டிரம்முக்குள் போகும். டிரம்மின் மூடியில் அளந்து போட்ட ஒரு துளை. பக்கத்தில் வளைந்த கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர். காற்று எவ்வளவு வருகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் ஏறும். நான் மேடைக்கு இந்தப் பக்கம், என் நெஞ்சுயர இரும்புத் தகட்டுக்குப் பின்னால், ஸ்விட்சுப் பெட்டியில் கைவைத்து நிற்பேன். அண்ணன் அந்தப் பக்கம், காற்றை உள்ளே இழுக்கும் காற்று வாயில் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு "விடு" என்பான். நான் பச்சைப் பொத்தானை அழுத்துவேன். "நிறுத்து" என்றால் சிவப்பு. பதினொரு வருஷமாக இந்த இரண்டு சொற்கள்தான். தூக்கத்தில் யாராவது "விடு" என்றாலும் என் வலது கை போர்வையை அழுத்தும்.

பெல்ட்டைக் கழற்றாமல் காற்று வாய்க்குள் கைவிடக்கூடாது என்று சுவரில் எழுதி வைத்திருப்பதும் நான்தான். அண்ணன் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

பிரிப்பதற்கு முன் பார்த்தபோது பதினேழு அங்குலம். நல்ல நிலையில் இருந்தால் இருபத்திரண்டு வர வேண்டும். இன்றைக்கு, புது பேரிங், புது சீல் எல்லாம் போட்ட பிறகு — பதினான்கு.

வைத்தியம் பார்த்து நோயாளியை மோசமாக்கியிருக்கிறோம்.

மார்ச் 11, செவ்வாய்

மூன்று முறை ஓட்டினோம். பதினான்கு, பதினான்கு, பதிமூன்றரை.

"குழாயில குமிழி இருக்கு" என்றான். குமிழி இல்லை. "டிரம் ஒழுகுது." சோப்பு நுரை தடவிக் காட்டினேன், ஒழுகவில்லை. "அப்ப நீதான் கண்ணு தெரியாம பாக்கறே." ரோட்டர் கூட்டில் உரசியிருக்கிறது, சுத்தியல் அடித்த அன்றே உரசிவிட்டது, அந்தக் கீறல் வழியாகக் காற்று பின்னால் திரும்புகிறது என்றேன். சொல்லிவிட்டேன்.

தலையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்க்கு நேராக அழுத்தினான். கண்ணாடி உடைந்தது. நெற்றியில் மூன்று இடத்தில் கீறல். சிவப்புத் தண்ணீர் முகமெல்லாம் வழிந்ததில் எது ரத்தம், எது சாயம் என்று தெரியவில்லை. அதைப் பார்த்து அவன் சிரித்தான்.

"நாளைக்கு வேற குழாய் போட்டு இருபத்திரெண்டுன்னு எழுது."

எழுத மாட்டேன் என்றேன். பந்தயத்தில் அந்த வேகத்தில் இரண்டு ரோட்டர்களும் கடித்துக்கொண்டால் பெல்ட் அறுந்து தெறிக்கும், என்ஜின் பூட்டிக்கொள்ளும், தொப்பிக்காரர் தொப்பியோடு சுவரில் போய் மோதுவார். அடி வாங்குவது என் விதி என்றே வைத்துக்கொள்கிறேன். எண்ணை மாற்றி எழுத எனக்கு விதியில்லை.

மார்ச் 12, புதன்

அண்ணனின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஸ்விட்சை அழுத்தியது நான்.

மார்ச் 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த நோட்டை யார் எடுத்துப் படித்தாலும் இதுதான்.

மதியம். புதுக் குழாய் மாட்டி ஒருமுறை ஓட்டினோம். பதினான்கு. சோதனைத் தாளில் பதினான்கு என்று எழுதினேன். அவன் பார்த்தான். தாளைக் கிழித்தான். நான் மறுபடி எழுதினேன். மறுபடி கிழித்தான். அப்புறம் காற்று வாயின் வலைமூடியைக் கழற்றிவிட்டு வலது கையை உள்ளே விட்டான். பெல்ட் மாட்டியபடியே இருந்தது.

"எங்கடி கீறல்? வா, வந்து காட்டு! கையில ஒண்ணும் தட்டுப்படலையே!"

நான் நகரவில்லை. இடது கையால் தகட்டுக்கு மேலே எட்டி என் பின்னலைப் பிடித்து இழுத்தான். கழுத்து தகட்டின் விளிம்பில் அழுந்தியது. மூச்சு முட்டியது. கிழிந்த தாள் கால்களுக்குக் கீழே கிடந்தது. அவன் இழுக்கிறான், உலுக்குகிறான், நாயே பேயே என்கிறான், என் தாடை தகட்டில் இடித்துக்கொண்டே இருக்கிறது. என் வலது கை இருக்கும் இடத்தில்தான் இருந்தது. ஸ்விட்சுப் பெட்டியில்.

அப்போது அண்ணி சாப்பாட்டுப் பையோடு வந்தாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"விடு" என்று கேட்டது. அழுத்தினேன்.

மோட்டார் சத்தம் ஒரு நொடி மாறியது. கல்லைக் கடித்த மாதிரி. பிறகு அவன் அலறல். சிவப்பை அழுத்தினேன். உடனே அழுத்தினேன். உடனேதான்.

பின்னலை அப்போதும் அவன் விடவில்லை. அண்ணிதான் அவன் இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான் பெல்ட்டை அறுத்து, புல்லியைக் கையால் பின்னோக்கிச் சுற்றி, அவன் வலது கையை வெளியே எடுத்தேன். என் முகத்தில், சுவரில், நான் எழுதிவைத்திருந்த எச்சரிக்கையின் மேல் — எல்லா இடத்திலும்.

'விடு' என்றுதான் கேட்டது.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரியில் விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை. நசுங்கிவிட்டதாம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். "வேணும்னே பண்ணினா! என் தங்கச்சி வேணும்னே பண்ணினா! உள்ள தள்ளுங்க இவளை!" வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் வாழைப்பழத்தை உரித்தபடியே நிறுத்திவிட்டார்.

நான் மருந்துச் சீட்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். பயம்தான். ஜெயிலுக்குப் போகிற பயம்.

மார்ச் 18, செவ்வாய்

போலீஸ் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு சூப்பர்சார்ஜரைப் பிரிக்கச் சொன்னார்கள். வேறு யாருக்கும் பிரிக்கத் தெரியாது.

இந்த முறை சூடு காட்டி, புல்லர் மாட்டி, முறையாக. பேரிங் தட்டு வெண்ணெய் மாதிரி கழன்று வந்தது. ரோட்டர் இடுக்குகளில் இருந்ததை இடுக்கியால் எடுத்து ஒரு டப்பாவில் போட்டேன். ஒரு நகம் முழுசாக இருந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, விளக்கைப் பிடித்துக் கூட்டுக்குள் பார்த்தேன். நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன நீளத்துக்கு, கீறல். விரல் தடவினால் நன்றாகவே தட்டுப்பட்டது.

வாய்விட்டுச் சிரித்தேன். அந்த டப்பா பக்கத்தில் இருக்கும்போதே சிரித்தேன். நான் என்ன மாதிரி ஆள்?

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரியிலேயே விசாரணை. இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். அலுத்துப்போன முகம், ஆனால் காது கூர்மை. முதலில் என்னைக் கேட்டார்.

"'விடு'ன்னா மோட்டாரை ஓட விடறது. அதுதான் எங்க வழக்கம். கேட்டுச்சு, அழுத்தினேன்."

"யார் சொன்னது?"

"தெரியல சார். அவன் என் முடியைப் பிடிச்சிருந்தான். எனக்கு எதுவும் தெரியல."

அண்ணன் பாய்ந்தான். "நான் சொல்லல! கையை உள்ள விட்டுக்கிட்டு நானே விடுன்னு சொல்வேனா சார்? எந்தக் கிறுக்கன் சொல்வான்?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டருக்கும் அப்படித்தான் பட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அண்ணி.

சுவரோரமாக நின்றிருந்தாள். கையில் வெந்நீர் பிளாஸ்க்.

"இந்தப் பொண்ணை விடச் சொல்லித்தான் கத்தினேன். 'விடு'ன்னு கத்தினேன். அவ மோட்டாரை விடச் சொல்றதா நினைச்சுட்டா."

"பொய்!" என்றான் அண்ணன். "இவ அப்படிச் சொல்லவே மாட்டா சார். வாங்க, போங்கன்னுதான் பேசுவா. 'விடுங்க'ன்னுதான் சொல்லியிருப்பா. பதினாறு வருஷமாச்சு, ஒரு தடவைகூட என்னை நீ, வா, போன்னு சொன்னதில்ல."

"ஒரு தடவைகூடவா?"

"கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் சொல்வாளா? சொன்னா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும்ல, பல்லு—"

நிறுத்திக்கொண்டான். அண்ணி வாயை மூடவில்லை. முதல் முறையாகக் கையால் மறைக்காமல், வாயைக் கொஞ்சம் திறந்தே வைத்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு என் நெற்றிக் கீறல்களைப் பார்த்தார். தகட்டின் விளிம்பு என் கழுத்தில் போட்டிருந்த கறுப்புக் கோட்டையும் பார்த்தார்.

"அப்ப ரெண்டாவது தடவையா அன்னைக்குச் சொல்லியிருக்காங்க" என்றார். எழுதிக்கொண்டார். "பெல்ட்டைக் கழட்டாம கையை விட்டது யாரு?"

அண்ணன் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

மார்ச் 25, செவ்வாய்

விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணியிடம், "அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். நடையை நிறுத்தாமலே சொன்னாள்: "அதை எங்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சா எனக்குச் சோறு இறங்காது."

முக்கில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். இடது கையால் சாப்பிடப் பழகுகிறான். பாதி மடியில்.

ஏப்ரல் 9, புதன்

இன்று உப்பு குறைவு என்று தட்டைத் தள்ளினான். அண்ணி அதே இடத்தில் உட்கார்ந்தபடி, "வேணும்னா போட்டுக்கோ" என்றாள்.

போட்டுக்கோ.

வீடே நின்றுவிட்டது. அவன் எழுந்தான். வலது கையை ஓங்கினான், பழக்கத்தில். கட்டுப் போட்ட கை. அண்ணி அதைப் பார்த்தாள், நகரவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. கை அப்படியே இருந்தது கொஞ்ச நேரம். ஓங்கினதற்கே வலித்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. உட்கார்ந்தான்.

"உப்பு அங்க இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 28, திங்கள்

பழைய கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கூடு வாங்கி, ரோட்டர்களைப் பொருத்தினேன். நானே தனியாக. இடைவெளியை மூன்று இடத்தில் அளந்தேன்.

இருபத்திரண்டேகால்! தொப்பிக்காரர் சந்தோஷத்தில் தொப்பியைக் கழற்றி வீசினார். முடி இருக்கிறது. நிறையவே இருக்கிறது. வழக்கு முடிந்தது.

மே 12, திங்கள்

அண்ணன் பட்டறைக்கு வர ஆரம்பித்திருக்கிறான். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து துணியால் நட்டுகளைத் துடைக்கிறான். அவன் தலைக்கு மேலே இருக்கும் பலகையிலிருந்து ஸ்பேனர் எடுக்கக் கையைத் தூக்கினேன்.

குறுகிவிட்டான். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, தோளைச் சுருக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி. ஸ்பேனர்தான் எடுக்க வந்தேன் என்று தெரிந்ததும் நட்டுகளைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

நல்லா வேணும் என்று தோன்றியது. பொய் சொல்வானேன், இனித்தது. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மே 19, திங்கள்

இந்த ஒரு வாரத்தில் அந்தப் பலகைக்கு எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. எல்லா ஸ்பேனரையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தது நான்தான்.

இன்று எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அவன் பின்னால் போய் நின்று, வெறுமனே கையை ஓங்கினேன். ஸ்டூலிலிருந்து விழுந்தான். விழுந்த இடத்தில் அந்த இரண்டு விரல் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "அடிக்காதே, அடிக்காதே" என்றான். என் அண்ணன். இன்னும் ஓங்கியபடியேதான் நின்றேன். இறக்க மனசு வரவில்லை.

வாசலில் அண்ணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே வந்தாள். அவனைத் தூக்கி உட்காரவைத்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த பார்வை. பதினாறு வருஷமாக அவனை அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நோட்டில் நான் பொய் எழுதியிருக்கிறேன். மார்ச் பதிமூன்றாம் தேதி. அன்றைக்கு அண்ணி கத்தியது "விடுங்க, அவளை விடுங்க" என்று. 'ங்க' தெளிவாகக் கேட்டது. 'அவளை' என்பதும் கேட்டது. கை உள்ளே இருப்பது தெரியும், பெல்ட் மாட்டியிருப்பது தெரியும். சிவப்பையும் உடனே அழுத்தவில்லை. கேட்டது, புரிந்தது, அழுத்தினேன்.

சாயங்காலம் அண்ணியிடம் போய், இனிமேல் நான் ஸ்விட்சுப் பக்கம் நிற்கவில்லை, காற்று வாய்ப் பக்கம் போகிறேன், ஸ்விட்சில் நீங்க நில்லுங்க, எப்படி என்று சொல்லித் தருகிறேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நாளைக்குக் காலையில் வருகிறேன் என்றாள்.